பெரியாற்றங்கரைக் காட்டில் நடக்கக் கற்போம்

சேரன் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளுடன் மலைவளம் காணப் புறப்பட்டு, பேரியாற்றின் மணற்கரையில் தங்கியதைச் சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதை சொல்கிறது. மலைவாழ் குறவர்கள் யானைத் தந்தம், அகில், சந்தனம், தேன் முதலிய காணிக்கைகளோடு அங்கே வந்து அரசனைக் கண்டார்கள். வேங்கை மர நிழலில் தாங்கள் கண்ட ஒரு பெண்ணைப் பற்றிய செய்தியையும் சொன்னார்கள். கண்ணகிக்குக் கோயில் எடுத்த வரலாறு அந்தச் செய்தியிலிருந்துதான் தொடங்குகிறது. இலக்கியச் சிறப்பு ஒருபுறம் இருக்க, நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. காட்டில் நடந்தது அரசனுக்குத் தெரியவில்லை; காட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவன் அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டான்.

அந்தப் பேரியாறு இன்றைய பெரியாறே என்று அறிஞர் பலர் கொள்வர். மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி, தோப்பும்படிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் அந்த ஆற்றங்கரைக்குப் போவதுண்டு. பெரும்பாலும் கட்டுச்சோறு கொண்டுபோய், ஆற்றில் குளித்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். கரையோரக் காட்டில் நிதானமாக நடந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

கேரளத்து ஆறுகளில் குளிக்க இறங்கியவர்கள் உயிரிழந்த செய்தி ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களில் வருகிறது. அவர்களில் பலர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஆற்றின் குணம் அறியாதவர்கள். அதற்காக அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவதும் சரியல்ல. ஆற்றோரப் பாதையில் ஆறு, காடு, அறிவிப்புப் பலகை ஆகிய மூன்றும் ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் காட்டின் அழகையும் காணலாம், பத்திரமாக வீடும் திரும்பலாம். அந்த மூன்றையும் படிப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பாடம்.

பெரியாறும் நாமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் சிவகிரிக் குன்றுகளில் தோன்றும் பெரியாறு 244 கிலோமீட்டர் ஓடுகிறது. கேரளத்தின் மிக நீளமான ஆறு இதுவே. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையிலிருந்து இதன் நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்து கிழக்கே தேனி, மதுரைப் பக்கம் செல்கிறது. அந்த மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு ஊரிலும் பெரியாற்றுத் தண்ணீர், இங்கும் பெரியாற்றுத் தண்ணீர்.

மேற்கே வரும் ஆறு இடுக்கி அணையைக் கடந்து, பல துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. கொச்சி மாநகரின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு ஆலுவாவில் இந்த ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. மேற்குக் கொச்சிக்கு மூவாற்றுப்புழை ஆற்று நீரும் வருகிறது. குழாய் வருவதற்கு முந்தைய காலத்தில், கிணற்று நீர் உப்புக் கரித்த மட்டாஞ்சேரிக்கு ஆலுவாவிலிருந்து வள்ளங்களில் குடிநீர் வந்தது.

மட்டாஞ்சேரியின் வாணிபத்துக்கும் இந்த ஆற்றுக்கும் தொடர்பு உண்டு. 1341-இல் பெருகிய வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியின் கடல் வாயிலை அகலத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். மிளகு மூட்டைகளும் கப்பல்களும் இந்தப் பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே இந்த ஆற்றை நேரில் போய் அறிந்துகொள்வது நம் பிள்ளைகள் அவசியம் பெற வேண்டிய ஒரு பாடம்.

எங்கே நடப்பது?

கோதமங்கலத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், பெரியாற்றின் வடகரையில் தட்டேக்காடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் வரும். காலையில் நேரத்தோடு புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம். எர்ணாகுளத்திலிருந்து கோதமங்கலம் வரை பேருந்து வசதி நிறைய உண்டு. அங்கிருந்து குட்டம்புழை பக்கம் செல்லும் பேருந்தில் ஏற வேண்டும்.

பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது இந்தக் காட்டின் வளத்தைக் கண்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1983-இல், 25 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் அவர் பெயரைத் தாங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இவ்வளவு தாழ்வான இடத்தில் பசுமைமாறாக் காடு எஞ்சியிருப்பது அரிது. மற்ற இடங்களில் அது ரப்பர்த் தோட்டமாகவும் வயலாகவும் மாறிவிட்டது.

அருகிலேயே பூதத்தான்கெட்டு உள்ளது. ஆற்றின் குறுக்கே பெரிய பாறைகள் குவிந்து கிடக்கும் இடம் அது. திருக்காரியூர் சிவன் கோயிலை நீரில் மூழ்கடிக்கப் பூதங்கள் ஒரே இரவில் அணை கட்ட முயன்றன என்றும், சிவபெருமான் சேவல்போல் கூவியதும் விடிந்துவிட்டது என்று எண்ணி அவை ஓடிப்போயின என்றும் கதை சொல்வார்கள். இன்று அதன் அருகில் பெரியாறு பாசனத் திட்டத்தின் கதவணை இருக்கிறது. இந்தக் கதவணையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றைப் படிக்கும் பாடத்தில் அது மீண்டும் வரும்.

சரணாலயக் காட்டுக்குள் நடப்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். அவர்கள் அனுப்பும் வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். இதைத் தொந்தரவாக எண்ணக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். யார் எந்த வழியில் உள்ளே போனார்கள் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருந்தால்தான், ஆபத்து வரும்போது தேடி வர முடியும்.

முதற் பாடம்: ஆற்றைப் படித்தல்

மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதும் ஆறு பெருகும். தட்டேக்காட்டில் வானம் தெளிவாக இருக்கலாம். பூயம்குட்டி, மாங்குளம் மலைகளில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். மேலும், இந்த ஆற்றின் மேற்பகுதிகளில் இடமலையாறு, கீழ்ப் பெரியாறு முதலிய மின் திட்டங்கள் உள்ளன. மின்சாரத் தேவை கூடும்போது இயந்திரங்கள் ஓடும். அப்போது வெளிவரும் நீரும் ஆற்றில் சேரும். அணைக் கதவுகள் திறந்தாலோ கேட்கவே வேண்டாம். 2018 ஆகஸ்ட் 9 அன்று இடுக்கியின் செறுதோணி அணைக் கதவு 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. அடுத்த வாரம் பெருமழையும் சேர்ந்து ஆலுவாவின் பல பகுதிகள் மூழ்கின. நெடும்பாச்சேரி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது.

ஆறு பெருகப் போவதை ஆறே சொல்லும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கும். சருகும் சுள்ளியும் நுரையும் வழக்கத்தைவிட அதிகமாக மிதந்து வரும். சற்றுமுன் உலர்ந்திருந்த கல் நனைந்திருக்கும். நீரின் ஓசை மாறும். கரையில் உட்காரும்போது ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். கல் நனைந்துவிட்டால் யாரையும் கேட்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

அமைதியான நீர் பாதுகாப்பான நீர் என்று எண்ணுவது பெரிய தவறு. சலசலவென்று கல்லில் மோதி ஓடும் இடத்தில் ஆழம் குறைவாகவும், ஓசையின்றித் தேங்கி நிற்பதுபோல் தோன்றும் இடத்தில் ஆழம் மிகுதியாகவும் இருப்பது வழக்கம். பூதத்தான்கெட்டுக் கதவணையில் கதவுகளை இறக்கினால் நீர் பின்னோக்கித் தேங்கி, ஆறு ஏரிபோல் காட்சி தரும். பார்க்க எவ்வளவோ அழகு. காலை வைத்தால் தரை தட்டாது. ஆறு வளையும் இடத்தில் வெளிப்புறக் கரை ஆழமானது. அங்கே நீர் கரையை அடியில் அரித்திருக்கும். உட்புறக் கரையில் மணல் சேரும். அந்த மணலிலும் பழைய குழிகள் இருக்கலாம்.

இங்கே சிறிது விஞ்ஞானமும் தெரிந்துகொள்வோம். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். முழங்கால் அளவு நீர் பெரியவரைச் சாய்த்துவிடுவது இதனால்தான். பாசி படிந்த பாறையில் கால் ஊன்றவும் முடியாது.

படகுப் பயணத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்தவர்களின் படகு மூழ்கியது. 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். அன்று மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஏற்ற வேண்டிய அளவைவிட மிக அதிகமான பேர் படகில் ஏறியிருந்தார்கள். மிதவைச் சட்டை இல்லாத படகில், இடம் நிறைந்த படகில், யார் வற்புறுத்தினாலும் ஏற மாட்டோம் என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பாடம்: காட்டைப் படித்தல்

ஆற்றின் இரு பக்கமும் உள்ள மரங்கள் காட்டின் உட்பகுதி மரங்களிலிருந்து வேறுபட்டவை. நீர்மருது, புங்கு போன்றவை வேரை ஆற்று நீருக்குள்ளேயே இறக்கி நிற்கும். நம் புங்கு இங்கே ‘உங்கு’. பாறை இடுக்குகளில் வளைந்து கொடுத்து வளரும் புதரை ‘ஆற்றுவஞ்சி’ என்பார்கள். வெள்ளம் மேலே புரண்டு போனாலும் அது ஒடியாது. நீர் வடிந்ததும் நிமிர்ந்துவிடும். வஞ்சி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. சேரர் தலைநகருக்கும் புறத்திணை ஒன்றுக்கும் அதுவே பெயர். கரையோரத்தில் அடர்ந்திருக்கும் மெல்லிய மூங்கில் இனத்தை ‘ஈற்ற’ என்பார்கள். கூடையும் பாயும் முடைய உதவுவது.

இந்த மரவரிசை செய்யும் வேலை பெரிது. வேர்கள் கரை மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. நிழல் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. உதிரும் இலை, பழம், பூச்சி ஆகியவை மீனுக்கு உணவாகின்றன. மலைச்சரிவில் இருந்து வரும் மண்ணை இந்த வரிசை வடிகட்டுகிறது. கரையோர மரங்களை வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் கரை இடிந்து விழுவதை நடந்துகொண்டே காணலாம். அங்கு இடிந்த மண் ஆலுவாவுக்கு வந்து, குடிநீர் சுத்திகரிக்கும் தொட்டிகளின் வேலையைக் கூட்டுகிறது. நம் வீட்டுக் குழாய்க்கும் அந்த மரத்தின் வேருக்கும் இவ்வளவு நெருக்கம்.

நடக்கும்போது தலையை உயர்த்திக் கிளைகளைப் பாருங்கள். தலைக்கு மேலே குச்சியும் சருகும் சிக்கித் தொங்கினால், சென்ற வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்தது என்று பொருள். தரையையும் பாருங்கள். ஈரமான யானை லத்தி, ஒடிந்த ஈற்ற, சேற்றில் புதிய தடம் ஆகியவை இருந்தால் யானை அருகில் இருக்கலாம். வழிகாட்டி நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும். யானைகள் அதிகாலையிலும் மாலையிலும் நீர் குடிக்க ஆற்றுக்கு இறங்கும். அந்த நேரத்தில் ஆற்றோரப் பாதை அவற்றின் பாதை. குட்டம்புழைப் பகுதியில் அண்மை ஆண்டுகளிலும் யானை தாக்கி உயிரிழந்தவர்கள் உண்டு. கைப்பேசியில் படம் எடுக்க நெருங்குவதும், குட்டிக்கும் தாய்க்கும் இடையில் போவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

காடு அச்சுறுத்த மட்டும் பேசுவதில்லை. தட்டேக்காட்டில் சுமார் 300 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. இருவாச்சியை இங்கே ‘வேழாம்பல்’ என்பார்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் அமர்ந்து, வாயிலை ஒரு சிறு பிளவு மட்டும் விட்டு அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியாக ஊட்டும். நாம் கூச்சலிட்டு அந்த ஆணை விரட்டினால் உள்ளே ஒரு குடும்பமே பட்டினி கிடக்கும். அமைதியாக நடக்கச் சொல்வதன் காரணத்தைப் பிள்ளைகளுக்கு இப்படி விளக்கினால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இந்தக் காட்டின் மற்றொரு சிறப்பு தவளைவாயன். இங்கே ‘மாக்காச்சிக்காட’ என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பறவை. பகலில் இணையாக ஒரே கிளையில், காய்ந்த சருகுபோல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நாமாகத் தேடினால் அகப்படாது. பழகிய வழிகாட்டி விரலை நீட்டிக் காட்டிய பிறகும் கண்ணுக்குப் புலப்படச் சிறிது நேரம் ஆகும்.

குட்டம்புழை, பூயம்குட்டி மலைப்பகுதிகளில் முதுவர் என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். மதுரையிலிருந்து தங்கள் தெய்வத்தையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து வந்தவர்கள் என்பதால் தங்களுக்கு அப்பெயர் வந்ததாக அவர்களிடையே மரபுக் கதை உண்டு. அவர்கள் பேச்சில் தமிழின் சாயலைக் கேட்கலாம். வழியில் கண்டால் மரியாதையுடன் பேசி, ஆற்றின் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். செங்குட்டுவன் செய்ததும் அதுதானே!

மூன்றாம் பாடம்: பலகையைப் படித்தல்

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கென்றே உள்ள பாடம் இது. ஆற்றங்கரை எச்சரிக்கைப் பலகைகள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். நம் பெரியவர்கள் பலர் மலையாளம் சரளமாகப் பேசினாலும் எழுத்தைப் படிக்க மாட்டார்கள். பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். ஆனால் ஆற்றைப் பற்றிய சொற்கள் அவர்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே பலகையைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும், பெரியவர் பொருளை எண்ணிப் பார்க்கட்டும். சில சொற்கள் தமிழ்போலவே இருந்து பொருளில் ஏமாற்றும் என்பதால் கீழே உள்ளவற்றைக் குடும்பத்தோடு படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம்: தண்ணீர். நம் பொருளில் வெள்ளம் என்றால் இங்கே ‘வெள்ளப்பொக்கம்’.

துறக்கும்: திறக்கும். ‘ஷட்டர் துறக்கும்’ என்றால் அணைக் கதவு திறக்கப்படும். உடனே கரையை விட்டு மேலே ஏற வேண்டிய அறிவிப்பு இது.

கயம்: ஆற்றில் உள்ள ஆழ்மடு. பழந்தமிழிலும் கயம் என்றால் ஆழமான நீர்நிலையே. தென்மாவட்டங்களில் நாம் ‘கசம்’ என்கிறோம்.

ஒழுக்கு: நீரோட்டத்தின் இழுப்பு. ஒழுகுதல் என்று எண்ணி அலட்சியம் செய்யக் கூடாது.

சுழி: நம் சுழியேதான்.

வழுக்கல்: வழுக்கும் இடம்.

அபகடம்: ஆபத்து, விபத்து என்ற பொருளிலும் வரும்.

முன்னறியிப்பு: எச்சரிக்கை.

சூக்ஷிக்குக: கவனமாக இருங்கள்.

இறங்கருது: இறங்காதீர்கள். ‘அருது’ என்று முடியும் எந்தச் சொல்லும் செய்யாதே என்று தடுப்பதாகும்.

நிரோதிச்சிரிக்குன்னு: தடை செய்யப்பட்டுள்ளது.

உருள்பொட்டல்: மலைச்சரிவு மண்ணும் பாறையும் நீரோடு உடைத்துக்கொண்டு வருவது. 1924-ஆம் ஆண்டு ஜூலையில், மலையாள ஆண்டு 1099-இல், வந்த பெருவெள்ளத்தை இங்குள்ளோர் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளப்பொக்கம்’ என்பார்கள். இந்தக் காட்டின் வழியாக மூணாறுக்குச் சென்ற பழைய சாலை அப்போது மலை சரிந்து அழிந்தது. பின்னர் நேரியமங்கலம் வழியாகப் புதுப்பாதை வந்தது.

பலகை இருக்கும் இடத்தில் முன்பு யாரோ உயிரிழந்திருக்கலாம் என்று எண்ணிக்கொள்வது நல்லது. பெரும்பாவூர் அருகே பாணியேலிப் போரு என்னும் இடத்தில் ஆறு பாறைகளோடு மோதிப் பல கிளைகளாக ஓடும். பார்ப்பதற்கு இடுப்பளவு நீர் போலவே தோன்றும். அங்கே இறங்கி மீளாதவர்கள் பலர். அதனாலேயே குளிக்கத் தடை செய்திருக்கிறார்கள்.

புறப்படுமுன்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு ஏற்ற காலம். ஜூன் முதல் நவம்பர் வரை இரு பருவமழைகளும் உண்டு. அப்போது ஆற்றோரப் பாதையைத் தவிர்க்கலாம். மார்ச்சுக்குப் பிறகு காட்டுத் தீயையும் கோடை இடிமழையையும் கருத வேண்டும். புறப்படும் நாளில் வானிலை எச்சரிக்கை, அணைகளின் நிலை ஆகியவற்றைச் செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை அண்டை வீட்டாரிடமோ உறவினரிடமோ சொல்லி வையுங்கள். காட்டுக்குள் கைப்பேசி வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

முழுக்கால் உடை, கணுக்காலை மூடும் காலணி, மங்கிய நிறச் சட்டை ஆகியவை நல்லது. சேலையும் வேட்டியும் புதரில் சிக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஒரு விசில், கைவிளக்கு, பத்து மீட்டர் கயிறு, காயத்துக்கான துணியும் மருந்தும், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவை பையில் இருக்கட்டும். ஊறுகாய்ச் சாதம் கட்டிய பொட்டலமும் பிளாஸ்டிக் உறையும் திரும்ப நம்மோடு வீட்டுக்கு வர வேண்டும். மீதச் சோற்றைக் காட்டில் கொட்டினால் குரங்கும் பன்றியும் மனிதனைத் தேடி வரப் பழகிவிடும்.

முன்னால் வழிகாட்டி, கடைசியில் திடமான ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகளும் முதியவர்களும் என்று வரிசை அமையட்டும். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோரின் வேகம். நண்பகலுக்கு முன் பாதி வழி வராவிட்டால் அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும்.

ஏதேனும் நேர்ந்தால்

ஒருவர் நீரில் விழுந்துவிட்டால் மற்றவர் உடனே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர், மூவர் இறந்த செய்திகள் ஏராளம். கயிறு, கம்பு, துப்பட்டா, மூடிய காலி டப்பா என்று கையில் கிடைத்ததை எறிந்து, கரையில் படுத்தபடி இழுக்க வேண்டும். கூடவே குரல் கொடுத்து ஆட்களை அழைத்து, 112 என்ற எண்ணுக்கும் முயல வேண்டும். இழுப்பில் சிக்கியவர் மல்லாந்து, காலை முன்னே நீட்டி, நீரோடு போனபடியே சாய்வாகக் கரை நோக்கி ஒதுங்க வேண்டும். நீரை எதிர்த்து நீந்தினால் களைத்துவிடுவார்.

பாம்பு கடித்தால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். அட்டை கடித்தால் அஞ்ச வேண்டியதில்லை. நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடிக்கவும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு நிற்கச் சற்று நேரம் ஆகும். சேற்றுநீரில் நடந்த பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், ஆற்றங்கரைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்துவது எளிது.

ஆற்றோரக் காட்டில் நடக்கப் போகிறவர் ஆற்றில் இறங்கப் போகிறவர் அல்லர். இந்த ஒரு வரம்பை வைத்துக்கொண்டாலே ஆபத்தில் பெரும்பகுதி விலகிவிடும். கரையில் நின்று நீரைப் பார்த்து, மரத்தைத் தொட்டு, பறவையின் குரலைக் கேட்டு, வந்த வழியே திரும்பும் பிள்ளை மறுநாள் காலை குழாயைத் திறக்கும்போது அந்த ஆற்றை நினைத்துக்கொள்ளும். தண்ணீரை வீணாக்கவும் தயங்கும்.

வீட்டில் கலந்து பேச

1. வானம் தெளிவாக இருக்கும்போது ஆறு பெருகுவதற்கு இரண்டு காரணங்கள் கூறுக.

2. ஓசையுடன் ஓடும் நீர், ஓசையின்றி நிற்கும் நீர் இவற்றில் ஆழமானது எதுவாக இருக்கும்? ஏன்?

3. நீரின் வேகம் மூன்று மடங்கானால் அது தள்ளும் விசை எத்தனை மடங்காகும்?

4. ‘ஷட்டர் துறக்கும், இறங்கருது’ என்ற பலகையைத் தமிழில் சொல்க. அதைக் கண்டதும் என்ன செய்வீர்கள்?

5. ஆற்றங்கரை மரங்களை வெட்டினால் கொச்சியில் வாழும் நமக்கு என்ன பாதிப்பு?

6. உங்கள் சொந்த ஊர் ஆற்றின் பெயர் என்ன? அதில் ஆழமான இடத்தை உங்கள் ஊரில் எப்படி அழைப்பார்கள்? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக.